கல்வி உரிமைச் சட்ட இடம் கேட்டதும் கிடைப்பதில்லை

"மும்பை தாராவிப் பெற்றோர் மனசு வைத்தால் ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்டத்தில்) தனியார் பள்ளி இலவசம், அவர்களுக்கு அக்கறைதான் இல்லை" என்று சிலர் சொல்வது தவறு, அநியாயமும்கூட. மகாராஷ்டிராவில் பொதுவான வருமான வரம்பு ஆண்டுக்கு 1 லட்சம். மாதம் 9,000 சம்பளம் என்றாலே 1,08,000 ஆகிவிடும், விண்ணப்பம் நிற்காது. பட்டியல் சாதிக் குழந்தைக்கு அந்த வரம்பு கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வாடகை வீடென்றால் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு குலுக்கல். தனியார் பள்ளிகள் இந்தச் சட்டப்படி ஒதுக்கும் 25 சதவீத இடமும் நுழைவு வகுப்பில், அதாவது பள்ளி தொடங்கும் வகுப்பில் மட்டும். மூன்றாம் வகுப்பில் போய்க் கேட்க முடியாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி சட்டமே பொருந்தாது. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் தாசில்தாரின் வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.