இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இங்கே டெக்சாஸில் எங்கள் குடும்ப நண்பரின் மகன் போன் செய்தான். அமெரிக்க ராணுவத்தில் 8 வருஷமாக ஹெலிகாப்டர் மெக்கானிக். பயிற்சி நேரத்தில் ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடி. சிகிச்சை இரண்டு வருஷமாக ஓடுகிறது. சேவைக்கு இனித் தகுதியா, ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவுசெய்யும் ராணுவ போர்டு அவன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், போர்டு முடிவு வந்திருச்சு. இருபது பர்சன்ட். மொத்தமா அறுபத்தி நாலாயிரம் டாலர் குடுத்து அனுப்புறாங்களாம். வாங்கிக்கலாமா?"

பின்னால் அவன் அப்பாவின் குரல் கேட்டது: "வீட்டுக்கு முன்பணம் ஆச்சுன்னு சொல்லுடா."

கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன். ஏன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். சீருடை போட்ட நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

20 வருஷ சேவை முடிக்காத ஒருவரை உடல்நிலை காரணமாக ராணுவம் அனுப்பும்போது, ஊனத்தின் அளவு 30 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் அது ஓய்வு. மாதாமாதம் பென்ஷன், குடும்பம் முழுவதற்கும் ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு. 30-க்குக் கீழே என்றால் செவரன்ஸ், அதாவது ஒரே தடவை ஒரு தொகை. அத்தோடு சரி. 1949-ல் போட்ட கோடு இது, இன்றும் அப்படியே நிற்கிறது.

செவரன்ஸ் கணக்கு எளிது: சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் இரண்டு மாத அடிப்படைச் சம்பளம். இவனுக்கு மாதம் சுமார் 4,000 டாலர், 8 வருஷம். ஆக 64,000. கேட்கும்போது பெரிய தொகைதான். ஆனால் அதே முதுகுக்காக முன்னாள் படைவீரர் துறை, எல்லோரும் வி.ஏ. என்று சொல்வது, மாதாமாதம் தரவேண்டிய இழப்பீட்டை இந்தத் தொகை கழியும்வரை பிடித்துவைத்துக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு மாதம் ஏறக்குறைய 350 டாலர். வகுத்துப் பாருங்கள், 15 வருஷம். நாளைக்கு வரவேண்டிய அவனுடைய பணத்தையே இன்றைக்கு முன்கூட்டிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். போர்க்களத்தில் பட்ட காயம் என்றால் இந்தப் பிடித்தம் கிடையாது. 2008-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆப்கானிஸ்தானில் விழுந்த முதுகுக்கு ஒரு நியாயம், டெக்சாஸில் விழுந்த முதுகுக்கு வேறு நியாயம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஏணியில் அவன் ஏறியதும் உத்தரவின் பேரில்தான்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓய்வு கிடைத்தாலும் கையில் வரும் பென்ஷன் பெரிதாக இருக்காது. 30 சதவீதம் என்றால் மாதம் 1,100 சொச்சம். வி.ஏ. தரும் தொகை அதைவிடக் கூடினால் பென்ஷன் முழுவதும் அதில் கழிந்துபோகும். 20 வருஷம் முடிக்காதவர்களுக்கு, போர் தொடர்பான காயம் இல்லையென்றால், இதுதான் விதி. "அப்புறம் எதுக்கு அங்கிள் போராடணும்?" என்று அவனும் கேட்டான். அவனுடைய இரண்டு வயது மகளுக்கு ஆஸ்துமா. வி.ஏ. மருத்துவமனை அவனைப் பார்க்கும். அவன் மனைவியையும் குழந்தையையும் பார்க்காது. ட்ரைகேர் பார்க்கும். இந்த நாட்டில் ஒரு குடும்பத்துக்குக் காப்பீடு வாங்கிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, அந்த 20 எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூட ஜாமென்ட்ரி பாக்ஸில் இருந்த கோணமானி ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கருவியை வைத்து, முன்னால் எவ்வளவு குனிய முடிகிறது என்று அளக்கிறார்கள். அடிமுதுகுக்கு 30 பாகைக்கு மேல் 60-க்குள் குனிந்தால் 20 சதவீதம். 30 பாகையைத் தாண்ட முடியாவிட்டால் 40 சதவீதம். இவன் 40 பாகை குனிந்திருக்கிறான். அன்றைக்குக் காலையில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போய், பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்திருக்கிறான்! வலியைக் காட்டக்கூடாது என்று 8 வருஷம் பழக்கப்படுத்திய உடம்பு வேறு என்ன செய்யும்? வலி அதிகமாகும் நாள்களில் எவ்வளவு முடியும் என்பதையும் மருத்துவர் கணக்கில் எடுக்க வேண்டும், ஆனால் அதை இவன் வாய்திறந்து சொல்லவே இல்லை.

அவன் அனுப்பிய தாள்களை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். இடது காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு வி.ஏ. தனியாக 10 சதவீதம் போட்டிருக்கிறது. ராணுவமோ முதுகை மட்டும் 'சேவைக்குத் தகுதியில்லை' என்று எழுதிவிட்டுக் காலை விட்டுவிட்டது. ராணுவத்தின் கணக்கில் சேருவது தகுதியில்லை என்று எழுதப்பட்டவை மட்டுமே. 20-ஐயும் 10-ஐயும் அவர்கள் முறைப்படி சேர்த்தால் (20 போக மிச்சமிருக்கும் 80-ல்தான் அந்த 10 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள், அது 8) 28. அதைப் பக்கத்துப் பத்துக்கு மாற்றுவார்கள்: 30. ஏணி ஏறுவதுதான் அவன் வேலை. மரத்துப்போகும் காலோடு ஹெலிகாப்டர் மேல் எப்படி ஏறுவான்?

முதல் முடிவு கடைசி முடிவு அல்ல. நேரில் ஆஜராகி முறையான விசாரணை கேட்கலாம், வி.ஏ. போட்ட சதவீதத்தை ஒருமுறை மறுபரிசீலிக்கச் சொல்லலாம், ராணுவமே இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. கெடு சில நாள்கள்தான். 2001 செப்டம்பர் 11 முதல் 2009 முடியும்வரை 20 சதவீதமோ அதற்குக் குறைவோ போட்டு அனுப்பப்பட்டவர்களின் கோப்புகளை மறுபடி பார்க்கவே தனி வாரியம் அமைக்க வேண்டியிருந்தது. போர்டு தப்பே செய்யாது என்று நம்பியிருக்க வேண்டாம்.

ரிசர்வ் படையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தகுதியான 20 வருஷம் முடித்திருந்தால், செவரன்ஸா அல்லது 60 வயதில் வரும் ஓய்வூதியமா என்று உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். செவரன்ஸை வாங்கினால் அந்த ஓய்வூதியம் போய்விடும். உடனே வரும் காசைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

பையன் விசாரணை கேட்டுவிட்டான். அவன் பிரிவின் சார்ஜென்ட், இவனால் ஏணியில் மூன்று படிக்குமேல் ஏற முடிவதில்லை என்று கடிதம் எழுதித் தந்திருக்கிறார். நேற்று அவன் அப்பா கூப்பிட்டார். வீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தூங்கி எந்திரிச்சா சாக்ஸ் போட்டுக்க முடியலையாம், மருமகதான் போட்டு விடுதாம். ரெண்டு வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்ல" என்றார். அதையும் ஒரு தாளில் எழுதி, மருமகளைக் கையெழுத்துப் போட்டு வழக்கறிஞரிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.