28 சதவீதத்தில் ஜெயித்தவர்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியில் மிதவாதிகள் எங்கே போனார்கள் என்று கேட்டால், "டிரம்ப் வந்தார், கட்சி மாறிப்போச்சு" என்ற பதில்தான் உடனே வருகிறது. டிரம்ப் தேர்தலில் நிற்பதற்குப் பத்து வருடம் முன்பே இந்தக் கணக்கு முடிந்துபோன தொகுதிகள் உண்டு. மிஷிகன் மாநிலத்தின் ஏழாவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்) தொகுதி அதில் ஒன்று. ஆள், ஜோ ஷ்வார்ஸ். அவர் தோல்விக்குக் கொள்கையைக் காரணம் சொல்வது பாதிதான் சரி. மீதிப் பாதி, பிரைமரியில் (கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில்) எத்தனை பேர் நின்றார்கள், எந்த மாதத்தில் ஓட்டுப் போட்டார்கள், தோற்றவருக்குச் சட்டம் என்ன வழி விட்டது என்பதில் இருக்கிறது. நம் ஆட்கள் எழுதும் அமெரிக்க அரசியல் அலசல்களில் இந்தப் பாதி எப்போதுமே விட்டுப்போகிறது.

ஷ்வார்ஸ் காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர். வியட்நாமில் கடற்படை மருத்துவராக இருந்தார், பிறகு கொஞ்ச காலம் சிஐஏ. சொந்த ஊரான பேட்டில் கிரீக் (கெல்லாக்ஸ் கம்பெனி ஊர்) நகரில் மேயர். 1987 முதல் 2002 வரை மாநில செனட்டர், அதில் கடைசிப் பத்து வருடம் செனட்டின் தற்காலிகத் தலைவர் (தலைவர் இல்லாதபோது சபையை நடத்துபவர்) பதவியும் அவரிடம்தான். செலவு விஷயத்தில் கட்சிக்காரர். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார், கருமூலச் செல் (ஸ்டெம் செல்) ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் தரலாம் என்றார். 1970-களில் இப்படி ஒருவர் குடியரசுக் கட்சியில் இருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காங்கிரசுக்கு முதலில் முயன்றது 1992-ல். பிரைமரியிலேயே சக மாநில செனட்டர் நிக் ஸ்மித்திடம் தோற்றார்.

2000-ல் ஜனாதிபதி வேட்பாளர் ஆக புஷ்ஷோடு போட்டியிட்ட செனட்டர் ஜான் மெக்கெய்னின் மிஷிகன் பிரசாரத்துக்கு இணைத் தலைவர். மாநில ஆளுநர் ஜான் எங்லரும் கட்சி எந்திரமும் புஷ் பக்கம். ஆனாலும் பிப்ரவரி 22 அன்று மெக்கெய்ன் ஜெயித்தார். மிஷிகனில் வாக்காளர் கட்சி வாரியாகப் பதிவு செய்துகொள்வதில்லை. ஜனநாயகக் கட்சி அந்த வருடம் தன் தேர்வைத் தனியாக, மார்ச் மாதம் கூட்டங்கள் வழியே வைத்துக்கொண்டது. அதனால் அன்றைக்குக் கட்சி சாராதவர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் எதையும் இழக்காமல் இந்தப் பக்கம் வந்து ஓட்டுப் போட முடிந்தது. இரண்டு வருடம் கழித்து ஷ்வார்ஸ் ஆளுநர் பதவிக்கு நின்றபோது அந்தச் சலுகை இல்லை. ஜனநாயகக் கட்சிக்கும் அதே நாளில் சூடான பிரைமரி இருந்தது. துணை ஆளுநர் டிக் போஸ்துமஸ் ஐந்தில் நாலு பங்கு ஓட்டை அள்ளிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் பிரைமரியின் வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கட்சிக்கும் ஒரே சீட்டு, தனித்தனிப் பத்தி. எந்தப் பத்தியில் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒரு பத்தியில் மட்டும்தான். இரண்டிலும் கை வைத்தால் அந்தப் பகுதியே செல்லாது. "திறந்த பிரைமரி, மிதவாதிக்கு எதிர்க்கட்சி ஓட்டும் விழும்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஷ்வார்ஸுக்குப் போட வேண்டுமானால், ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் தன் கட்சியின் எல்லாப் போட்டிகளையும் அன்றைக்குக் கைவிட வேண்டும்.

அடுத்து 2004. கதை முந்தைய வருடமே தொடங்குகிறது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) மருந்துச் சலுகை மசோதாவுக்குக் காங்கிரசின் கீழ்சபையில் வாக்கெடுப்பு, 2003 நவம்பர் 22, விடியற்காலை மூன்று மணி. தோற்கும் நிலையில் இருந்த மசோதாவுக்காக வாக்கெடுப்பை ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்தே வைத்திருந்தார்கள். கடைசியில் 220-215 என்று நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் ஏழாவது தொகுதியின் உறுப்பினர் நிக் ஸ்மித். அவர் ஓய்வு பெறப்போகிறார், மகன் பிராட் ஸ்மித் அதே தொகுதியில் நிற்கப்போகிறார். ஓட்டை மாற்றினால் மகனுக்கு ஆதரவு தருவதாகச் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் டாம் டிலே பேரம் பேசினார் என்று பிறகு சபையின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டித்தது. ஸ்மித்தும் கண்டனத்துக்குத் தப்பவில்லை.

அந்தக் காலியிடத்துக்கு ஆறு பேர் நின்றார்கள். ஷ்வார்ஸ், பிராட் ஸ்மித், டிம் வால்பெர்க், கிளார்க் பிஸ்பி, ஜீன் டிரோசெட், பால் டிவீஸ். பிராட் ஸ்மித் தவிர மற்ற ஐந்து பேரும் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர்கள். இது தற்செயல் இல்லை. 1992-ல் மிஷிகன் மக்கள் பதவிக்கால வரம்பைக் கொண்டுவந்தார்கள்: மாநிலக் கீழ்சபைக்கு இரண்டு வருடம் வீதம் மூன்று முறை, செனட்டுக்கு நாலு வருடம் வீதம் இரண்டு முறை, அதோடு சரி (2022-ல் இந்த வரம்பு மாறியது). அனுபவப்பட்டவர்களை வரிசையாக வெளியே தள்ளினால், காங்கிரசில் ஒரு இடம் காலியானதும் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள்.

ஆறு பேரில் மிதவாதி ஷ்வார்ஸ் ஒருவர்தான். மற்ற ஐவரும் ஒரே பழமைவாத ஓட்டைப் பங்கு போட்டார்கள். 28 சதவீதம் வாங்கி ஷ்வார்ஸ் வேட்பாளரானார். மிஷிகனில் இரண்டாம் சுற்று கிடையாது, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், முடிந்தது. இதே தேர்தல் ஜார்ஜியாவிலோ டெக்சாஸிலோ நடந்திருந்தால் முதல் இரண்டு பேர் மறுபடி மோதியிருப்பார்கள், ஷ்வார்ஸ் காங்கிரசைப் பார்த்திருக்கவே மாட்டார் என்பது என் கணிப்பு. நவம்பர் பொதுத் தேர்தலில் அவருக்குச் சிரமமே இல்லை. அந்த வெற்றியைப் பார்த்துத் தொகுதியே அவரை ஏற்றுக்கொண்டுவிட்டதாக எழுதினார்கள். நூற்றுக்கு எழுபத்திரண்டு பேர் அவரை வேண்டாம் என்ற பிரைமரியை யாரும் கணக்கில் வைக்கவில்லை. வைத்தவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள்.

கிளப் ஃபார் குரோத் என்ற வரிக்குறைப்பு அமைப்பு 2004-ல் பிராட் ஸ்மித்தை ஆதரித்தது. 2006-ல் அவர்கள் எடுத்த பாடம் எளிது: எதிரில் ஒரே ஒருவர் நிற்க வேண்டும். அந்த ஒருவர் வால்பெர்க். முன்னாள் போதகர், 1983 முதல் 1998 வரை மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். பண விஷயம் இப்படி நடக்கும்: ஒரு அரசியல் நிதிக்குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 5,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. தனி ஆளுக்கு அந்தச் சுற்றில் வரம்பு 2,100. கிளப் தன் உறுப்பினர்களை வேட்பாளர் பெயருக்கே காசோலை எழுதவைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பும். ஒவ்வொரு காசோலையும் வரம்புக்குள், மொத்தமோ பெரிய தொகை. போதாததற்குச் சொந்தச் செலவில் தொலைக்காட்சி விளம்பரங்களும் உண்டு. தொகுதிக்குள் ஒருவரைக்கூடத் தெரியாத ஆட்கள் அந்தத் தொகுதியின் பிரைமரிக்குப் பணம் போட்டார்கள். சட்டப்படி இதில் தவறே இல்லை.

மிஷிகன் கருக்கலைப்பு எதிர்ப்பு இயக்கமும் வால்பெர்க் பின்னால் நின்றது. ஷ்வார்ஸுக்கு ஜனாதிபதி புஷ்ஷின் ஆதரவு, மெக்கெய்னின் ஆதரவு இரண்டுமே இருந்தன. இதில் ஒரு வேடிக்கை: புஷ் தன் ஆட்சியின் முதல் வீட்டோவைப் போட்டது 2006 ஜூலை 19 அன்று, ஷ்வார்ஸ் ஆதரித்து ஓட்டுப் போட்ட அதே கருமூலச் செல் மசோதாமேல். பிரைமரிக்கு அப்போது மூன்று வாரம்கூட இல்லை.

ஆகஸ்ட் 8. வால்பெர்க் 53, ஷ்வார்ஸ் 47. ஆறரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் தொகுதியில் குடியரசுக் கட்சிப் பத்தியில் விழுந்தது அறுபது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. கோடை விடுமுறையில், வெயிலில் வந்து போடுபவர் யார்? தேவாலயக் குழுக்கள், துப்பாக்கி உரிமைக்காரர்கள், கட்சிக் கமிட்டிக்காரர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 28-லிருந்து 47. ஷ்வார்ஸ் ஓட்டு ஏறித்தான் இருக்கிறது. எதிரில் ஆள் குறைந்ததுதான் அவரைத் தோற்கடித்தது.

அதே நாளில் ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியின் சிந்தியா மெக்கினி, முதல் சுற்றில் 47 சதவீதத்தோடு முந்தியிருந்தும், இரண்டாம் சுற்றில் தோற்றார். அதே நாளில் கனெக்டிகட்டில் செனட்டர் ஜோ லீபர்மன் தன் கட்சிப் பிரைமரியில் தோற்றார். லீபர்மன் மறுநாளே கையெழுத்து மனுக்களைக் கொடுத்து, தனியாக நின்று, நவம்பரில் ஜெயித்துவிட்டார். ஷ்வார்ஸுக்கு அது முடியாது. மிஷிகனில் சுயேச்சை மனுவுக்கான கடைசி நாள் ஜூலை மத்தியிலேயே முடிந்துவிடும். பிரைமரியில் தோற்றவர் வேறு கட்சிச் சின்னத்தில் நிற்கவும் சட்டத் தடை. நடுவில் நின்ற இருவர், ஒரே நாளில் தோல்வி, ஒருவர் செனட்டுக்குத் திரும்பினார், இன்னொருவர் வீட்டுக்குப் போனார். வித்தியாசம் மனு தாக்கல் தேதி.

வால்பெர்க் அந்த நவம்பரில் பணமே இல்லாத ஷாரன் ரெனியரிடம் திணறித்தான் ஜெயித்தார். 2008-ல் ஷ்வார்ஸ் வெளிப்படையாக ஜனநாயகக் கட்சியின் மார்க் ஷாவரை ஆதரித்தார். பேட்டில் கிரீக்காரர், ஷ்வார்ஸ் விட்ட மாநில செனட் இடத்துக்கு வந்தவர். ஷாவர் ஜெயித்தார். 2010-ல் வால்பெர்க் திரும்பவும் பிடித்துக்கொண்டார். இன்றுவரை சபையில் இருக்கிறார்.

பிரைமரிதான் வில்லன் என்றால் கட்சிப் பெரியவர்களே வேட்பாளரை முடிவு செய்யட்டுமே என்று ஒரு வாதம் உண்டு. அதையும் 2009-ல் நியூயார்க் 23-வது தொகுதி இடைத்தேர்தலில் பார்த்தாயிற்று. பதினொரு கவுன்டிகளின் (மாவட்டம் மாதிரி) கட்சித் தலைவர்கள் கூடி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் டீடீ ஸ்கொசாஃபாவாவைத் தேர்ந்தெடுத்தார்கள். கருக்கலைப்பு உரிமை, ஒருபாலினத் திருமணம் இரண்டையும் ஆதரித்தவர். நியூயார்க்கில் கன்சர்வேட்டிவ் கட்சி என்று தனிக்கட்சி இருக்கிறது. டக் ஹாஃப்மன் அதன் சீட்டில் நின்றார், 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக இருந்த சாரா பேலின் அவரை ஆதரித்தார். அக்டோபர் தொடக்கத்தில் 35 சதவீதத்தோடு முன்னணியில் இருந்த ஸ்கொசாஃபாவா, மாதக் கடைசியில் 20-க்கு இறங்கினார். தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு விலகி, மறுநாள் ஜனநாயகக் கட்சியின் பில் ஓவன்ஸை ஆதரித்தார். ஓவன்ஸ் ஜெயித்தார். பிரைமரி இல்லாததால் அந்த மோதல் பொதுத் தேர்தலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஓட்டுகளால் வேட்பாளர் ஆகாதவரைத் தற்காத்துப் பேச அங்கே யாருமில்லை.

2021-ல் டிரம்பைப் பதவிநீக்கக் குற்றம்சாட்ட ஓட்டளித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். நாலு பேர் ஒதுங்கிக்கொண்டார்கள், நாலு பேர் பிரைமரியில் தோற்றார்கள், இரண்டு பேர் 2022-ல் தப்பினார்கள்: கலிபோர்னியாவின் டேவிட் வாலடேயோ, வாஷிங்டன் மாநிலத்தின் டேன் நியூஹவுஸ். இருவரும் முன்னாள் மாநிலச் சட்டமன்றத்தினர். இருவர் மாநிலத்திலும் எல்லாக் கட்சிக்கும் ஒரே பிரைமரி, முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். வாலடேயோ வாங்கியது சுமார் 26 சதவீதம், நியூஹவுஸ் சுமார் 25. ஷ்வார்ஸின் 28-ஐவிடக் குறைவு! இது உத்தரவாதமும் இல்லை. அதே வாஷிங்டனில், அதே முறையில், ஜேமி ஹெரேரா பியூட்லர் மயிரிழையில் மூன்றாம் இடத்துக்குப் போய் வெளியேறினார்.

தொகுதி எல்லைகளை நேர்மையாக வரைந்தால் போதும் என்பவர்களுக்கு மிஷிகனிலேயே பதில் இருக்கிறது. 2018-ல் மக்கள் வாக்கெடுப்பில் எல்லை வரையும் வேலையை ஒரு சுயாதீன ஆணையத்திடம் கொடுத்தார்கள். அந்த வரைபடத்தில் நடந்த முதல் தேர்தல் 2022-ல். கிராண்ட் ராபிட்ஸ் பகுதியில் பீட்டர் மேயர், டிரம்புக்கு எதிராக ஓட்டளித்த அந்தப் பத்துப் பேரில் ஒருவர், நேருக்கு நேர் ஜான் கிப்ஸிடம் 48-க்கு 52 என்று தோற்றார். கிப்ஸைப் பிரபலப்படுத்தும் விளம்பரத்துக்கு ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழுவே பணம் செலவழித்தது, நவம்பரில் அவரைத் தோற்கடிப்பது சுலபம் என்று. நினைத்தபடியே ஹில்லரி ஷோல்டன் ஜெயித்தார். எல்லைக்கோடு மாறியிருந்தது. பிரைமரி நடந்தது வழக்கம்போல ஆகஸ்டில், ஒரே சுற்றில்.