இசையை உருவிவிட்டு பொனான்ஸா என்று விற்காதீர்கள்

டைட்டில் இசை இல்லாத பொனான்ஸாவை டிவிடியில் போட்டு விற்கிறவர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வசவுகளில் பாதி எழுத முடியாதவை. எழுதக்கூடிய மீதி இவர்களுக்குப் போதாது.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பொனான்ஸா அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1959 செப்டம்பரில் ஆரம்பித்து 1973 ஜனவரி வரை ஓடிய வெஸ்டர்ன் தொடர். 14 சீசன், 431 எபிசோட். நெவாடாவில் தாஹோ ஏரியை ஒட்டி பாண்டரோசா என்று ஒரு பரந்த பண்ணை. பென் கார்ட்ரைட் என்ற அப்பா, மூன்று மனைவிகளையும் பறிகொடுத்தவர். ஆளுக்கொரு தாய் வயிற்றில் பிறந்த மூன்று மகன்கள்: ஆடம், ஹாஸ், லிட்டில் ஜோ. சிவகாசியிலிருந்து வந்த காமிக்ஸ் வழியாகக் குதிரையும் துப்பாக்கியும் பழகிய நம் ஆட்களுக்கு இந்தத் தொடர் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். சுடுவதைவிட இதில் பேச்சுதான் அதிகம். அப்பாவும் பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மல்லுக்கட்டுவதுதான் பாதித் தொடர். அதற்குப் பழகிவிட்டால் விட முடியாது. சித்தப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விஎச்எஸ் கேசட்டில் பார்த்துப் பிடித்துப்போய், இத்தனை வருஷம் கழித்து உட்கார்ந்து நிதானமாக மறுபடி பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். அங்கே பிடித்தது சனி.

தொடரின் ஆரம்பம் எப்படி இருக்கும்? திரை முழுக்கப் பண்ணையின் வரைபடம். நடுவில் தீப்பிடித்துக் கருகி ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகக் குதிரைகள் நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். கூடவே கிடார் குதிரைக் குளம்படி மாதிரியே ஓடும். ஜே லிவிங்ஸ்டன், ரே இவான்ஸ் இருவரும் போட்ட மெட்டு அது. 1961-இல் அல் கயோலா என்ற கிடார்காரர் அதைத் தனி இசைத்தட்டாக வாசித்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் 20-க்குள் கொண்டுவந்தார். தொடரில் ஒரு எபிசோடைக்கூடப் பார்க்காதவன்கூட அந்த மெட்டைக் கேட்டால் "ஓ, இதுவா" என்பான்.

நான் வாங்கிய பெட்டியில் வரைபடம் எரிந்தது. குதிரைகளும் வந்தன. இசை மட்டும் வேறு! யாரோ லிஃப்ட்டுக்குள் போடுவதற்காக வாசித்து வைத்த மாதிரி ஒரு சோகை கிடார். டிவி சவுண்டில்தான் ஏதோ கோளாறு என்று ரிமோட்டைத் தட்டிப் பார்த்தேன். அடுத்த எபிசோட், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே சோகைதான்.

காரணத்தைத் தோண்டினால் கோபம் இன்னும் ஏறுகிறது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி ஒரு படைப்புக்கு முதலில் 28 வருஷம் பதிப்புரிமை. அது முடிகிற சமயத்தில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால்தான் நீளும். 1964-க்கு முன்னால் வெளிவந்தவற்றுக்கு இதுதான் விதி. பொனான்ஸாவின் முதல் இரண்டு சீசன்களில் ஒரு கொத்து எபிசோடுகளுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. தொலைக்காட்சி வரலாற்றிலேயே பேர்பெற்ற ஒரு தொடர், விண்ணப்பம் போட ஆள் இல்லாமல் பொதுச்சொத்து ஆகிவிட்டது. ஆனால் டைட்டில் மெட்டு தனிப்பாடலாகப் பதிவானது. அதற்கு உரிமைக்காரர்கள் உண்டு, காசு கொடுக்க வேண்டும். மலிவு டிவிடி போடுகிறவர்கள் என்ன செய்தார்கள்? ஓசியில் கிடைத்த படத்தை எடுத்துக்கொண்டார்கள். காசு கேட்ட இசையைக் கழற்றி எறிந்தார்கள்.

சரி, சட்டம் அப்படித்தான், செய்துவிட்டுப் போகட்டும். பெட்டியின் பின்பக்கம் "அசல் டைட்டில் இசை இதில் இல்லை" என்று ஒரு வரி போட என்ன கேடு? முன்னட்டையில் நால்வரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், தொடரின் பெயர் கொட்டை எழுத்தில் மின்னுகிறது. பின்னட்டையில் அகலம் உயரம் எடை எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை. விற்றவரிடம் கேட்டேன். "படம் ஓடுதுல்ல சார்?" என்றார். ஓடுகிறது ஐயா, ஓடுகிறது.

ஓடுகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் பிறந்ததே வண்ணத்துக்காக. என்பிசியின் தாய் நிறுவனம் ஆர்சிஏ, கலர் டிவி செய்து விற்கிற கம்பெனி. வீட்டுக்கு வீடு கறுப்பு வெள்ளைப் பெட்டி இருந்த காலத்தில், கலர் பெட்டி வாங்கினால் இதெல்லாம் பார்க்கலாம் என்று காட்டுவதற்கு ஒரு தொடர் வேண்டியிருந்தது. அதனால்தான் முதல் எபிசோடிலிருந்தே முழுக்கக் கலர். ஆரம்பத்தில் சனிக்கிழமை இரவு, எதிர்ச் சேனலில் ஓடிய பெர்ரி மேசன் என்ற வக்கீல் தொடரிடம் செம அடி வாங்கியது. அப்போதே மூடியிருக்க வேண்டியது, கலர் டிவி வியாபாரம்தான் காப்பாற்றியது. 1961-இல் ஞாயிறு இரவு 9 மணிக்கு மாற்றிய பிறகு மளமளவென்று ஏறி, 1964 முதல் 1967 வரை அமெரிக்காவின் முதலிடம். அப்படி வண்ணத்தை நம்பிப் பிழைத்த தொடரை, எத்தனையாவது பிரதியின் பிரதியோ, தேய்ந்துபோன ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தாஹோ ஏரியின் நீலம் சாயம்போன லுங்கி மாதிரி இருக்கிறது. பைன் மரங்களெல்லாம் பழுப்பு. எல்லார் முகத்திலும் செங்கல் பொடி.

இதில் எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சலான விஷயம் வேறு. பொதுச்சொத்தானவை எல்லாம் 1959, 60, 61 வாக்கில் வந்த எபிசோடுகள். தொடர் இன்னும் தன் காலில் நிற்கப் பழகாத காலம் அது. பென் கார்ட்ரைட் அப்போது பைபிள் வசனம் சொல்லிக்கொண்டே, எல்லைக்குள் கால் வைத்தவனை எல்லாம் துப்பாக்கியோடு விரட்டுகிற முரட்டுப் பண்ணையார். இப்படி எல்லாரையும் விரட்டுகிற குடும்பத்தை யாருக்குப் பிடிக்கும் என்று, பென்னாக நடித்த லோர்ன் கிரீனே தயாரிப்பாளரிடம் முட்டினார். அப்புறம்தான் பென் இளகினார், வீட்டுக்குள் சிரிப்பு வந்தது. நான் கேசட்டில் பார்த்து மயங்கிய மனிதர் அந்தப் பிந்தைய பென்தான். மலிவு டிவிடியும் சரி, "நெட்ல ஓசியிலேயே கிடைக்குமே" என்று புத்தி சொல்கிறவர்கள் காட்டும் இடமும் சரி, பெரும்பாலும் அந்த ஆரம்ப எபிசோடுகளையேதான் சுற்றிச் சுற்றித் தருகின்றன. புதிதாகப் பார்க்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பீற்றல்?" என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். 1965-இல் ஆடம் தொடரைவிட்டுப் போனதும், அதன்பின் மூவராய்த் தொடர்ந்ததும், எதுவும் அவன் கண்ணில் படாது. 1972 மே மாதம் ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் அறுவை சிகிச்சைக்குப் பின் திடீரென்று இறந்துபோனார். அவருக்காக எழுதி வைத்திருந்த கல்யாணக் கதையை லிட்டில் ஜோவுக்கு மாற்றி, அதை எழுதி இயக்கியவர் லிட்டில் ஜோவாக நடித்த மைக்கேல் லாண்டனே. கடைசி சீசன் அதில்தான் தொடங்குகிறது. அந்த ஒரு எபிசோடுக்காகவே மற்ற 430-ஐயும் பார்க்கலாம். மலிவுப் பெட்டியில் அது எங்கே கிடைக்கப் போகிறது?

சரி, காசு போனால் போகட்டும், உரிமை பெற்றவர்கள் போட்டதையே வாங்கித் தொலைப்போம் என்று இறங்கினேன். அதிகாரபூர்வ டிவிடி 2009-இல்தான் வர ஆரம்பித்தது. போலிகள் மலிந்ததாலோ என்னவோ, பெட்டியின் பெயரிலேயே "அதிகாரபூர்வ" என்று சேர்த்துக்கொண்டார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், படம் அருமை. இசை இசையாக இருக்கிறது, நீலம் நீலமாக இருக்கிறது. மூன்றாவது சீசனிலிருந்து ஆளுக்கு ஒரே உடுப்பு என்று முடிவு செய்துவிட்டார்கள். ஒருமுறை எடுத்த சவாரிக் காட்சியை இன்னொரு எபிசோடில் ஒட்டிக்கொள்ளலாம் என்கிற சிக்கனம்தான். லிட்டில் ஜோவின் பச்சை ஜாக்கெட் அங்கே அசல் பச்சையாகவே இருக்கிறது. ஸ்டூடியோவுக்குள் செய்து வைத்த பாறைகூட இப்போது தெளிவாகப் போலி என்று தெரிகிறது, அதுவும் ஒரு சந்தோஷம்தான். அப்பா லோர்ன் கிரீன் மூத்த மகன் பெர்னெல் ராபர்ட்ஸைவிட 13 வயதுதான் பெரியவர் என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆனால் சீசனை இரண்டாக வெட்டிவிட்டார்கள் படுபாவிகள். முதல் சீசனில் 32 எபிசோட். 16 ஒரு பெட்டி, 16 ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, நமக்கென்றால் தனித்தனிக் கப்பல் கூலி, சுங்கவரி. 14 சீசனுக்கும் இப்படிக் கணக்குப் போட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. அடுத்த பெட்டிக்கு வருஷக்கணக்கில் காக்க வைத்தது தனிக் கதை. வாங்குகிறவர்கள் எல்லாம் தலை நரைத்தவர்கள் என்று தெரிந்தும் இவ்வளவு நிதானம்.

பெட்டி வந்து சேர்ந்தது. வட்டைப் போட்டால் பிளேயர் துப்புகிறது. உலகத்தை ரீஜன் ரீஜனாகப் பிரித்து, ஒன்றின் வட்டு இன்னொன்றின் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள்: அமெரிக்க டிவிடிக்கு ரீஜன் 1, இந்தியாவுக்கு ரீஜன் 5. பில்லோடு, வரியோடு, நேர்மையாக வாங்கிய வட்டு பெரிய கம்பெனி பிளேயரில் ஓடாது. பர்மா பஜாரில் வாங்கிய பெயர் தெரியாத பிளேயரில் ஜம்மென்று ஓடுகிறது. ஓட ஆரம்பித்ததும் திருட்டுப் பிரதி எடுத்தால் எஃப்பிஐ பிடிக்கும் என்று ஒரு எச்சரிக்கை. அதைத் தாண்டவும் விடமாட்டான். திருட்டு வட்டு வாங்கியவன் இதை எல்லாம் பார்ப்பதே இல்லை, காசு கொடுத்தவன்தான் ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி உட்கார்ந்தால் டிவி தன் பங்குக்கு ஆரம்பிக்கிறது. பழைய தொடர், படம் 4-க்கு 3 அளவில் இருக்கும், அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்பு விடத்தான் வேண்டும். அக்கா மகன் வந்து பார்த்தான்.

"என்ன மாமா, ரெண்டு பக்கமும் கறுப்பா கிடக்கு, பேனல் போயிடுச்சா?"

"இல்லடா, படமே அப்படித்தான்."

நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் படத்தை இழுத்துத் திரையை நிரப்பிவிட்டான். டான் பிளாக்கர் இயல்பிலேயே 6 அடி 4 அங்குலம், 130 கிலோவுக்கு மேல். அவரை இன்னும் அகலமாக்கினால் என்ன ஆகும்? பாண்டரோசா வாசல் கதவில் ஆள் நுழைய வழியில்லை. குதிரையும் எருமை மாதிரி ஆகிவிட்டது. இது போதாதென்று அசைவை வழுவழுப்பாக்குகிற ஒரு வசதியை டிவியில் தானாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஃபிலிமில் எடுத்தது மெகா சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அதை அணைக்கிற இடம் மெனுவுக்குள் மெனுவுக்குள் மெனு. மின்சாரம் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பழைய தொடர் போடுகிற சேனல்களைப் பார்க்கச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஒரு எபிசோட் ஏறக்குறைய 50 நிமிஷம். இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் விளம்பரம் கூடுதலாகப் புகுந்துவிட்டது, அதனால் படத்தில் கத்தரி வைக்கிறார்கள். எதை வெட்டுவார்கள்? துப்பாக்கிச் சண்டையை வெட்டமாட்டார்கள். சமையல்கார ஹாப் சிங்கிடம் ஹாஸ் வாங்கிக் கட்டிக்கொள்வது, அப்பா ஒன்றும் பேசாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது, கதைக்குச் சம்பந்தமில்லாமல் அண்ணன் தம்பி சீண்டிக்கொள்வது, கை அங்கேதான் போகும். இந்தத் தொடரில் அவைதான் சரக்கு. மீதியை எந்தக் கௌபாய் படத்திலும் பார்க்கலாம்.

பழைய படத்தைப் புதிதாக வண்ணம் தீட்டித் தாருங்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பேட்டி, பின்னணிக் கதை, பளபளப் புத்தகம் எதுவும் வேண்டாம். பின்னட்டையில் நாலு விஷயம் அச்சடிக்கட்டும்: அசல் இசை உண்டா, ஒரு எபிசோட் எத்தனை நிமிஷம், சீசன் முழுதா பாதியா, எந்த ரீஜன். வாங்குவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை மலிவுப் பெட்டி யாராவது வாங்கப்போனால் கடையிலேயே முதல் ஒரு நிமிஷம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். "படம் ஓடுதுல்ல?" என்று கேட்டால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.