சீமைக்கருவேல மரம் ஆக்சிஜன் தராதா?

ராமநாதபுரம் பக்கம் ஊருக்குள் சும்மா கிடக்கும் மனையைப் பூங்காவாக்கலாம் என்று பேச்சு எழுந்தால் போதும், அந்த வாட்ஸ்அப் தகவல் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும்: "சீமைக்கருவேலம் ஆக்சிஜனே தராது, காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வெட்டினால் மழை வரும்."

தவறு. பச்சை இலை உள்ள எந்த மரமும் பகலில் ஆக்சிஜன் தரும், இதுவும் தரும். தண்ணீரை எடுப்பது வேர்தான். ஒரு மனையில் மரத்தை வெட்டியதால் மழை வந்துவிடாது.

அதற்காக இதை விட்டுவைக்கச் சொல்லவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், வேறெதையும் எளிதில் முளைக்க விடாது. பூங்காவுக்கு அகற்றத்தான் வேண்டும். ஆனால் எப்படி என்பதுதான் முக்கியம். தரையோடு வெட்டினால் அடுத்த மழைக்கே கட்டையைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அடிக்கட்டையை வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். அப்புறமும் நாற்று முளைக்கும். ஆடுமாடு தின்ற நெற்றின் விதை சாணத்தோடு வந்து விழும். முளைத்ததும் பிடுங்கிவிடுங்கள்.

வெட்டிய இடத்தை வெறுமனே போடாதீர்கள், நிழலும் போய்விடும். உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு, புங்கன், வேம்பு, பனை என்று உடனே நடுங்கள். அந்தத் தகவலை மட்டும் தயவுசெய்து பகிராதீர்கள்.