சுறாவுக்குப் பிடித்த சனி

(பிரிஸ்பேன். வெள்ளிக்கிழமை காலை. மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனார் கூட்டுறவுத் துறையில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், தணிக்கை இன்னும் ஓயவில்லை. மாப்பிள்ளை காபியோடு வராந்தாவுக்கு வருகிறார்.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மீன் படம் போட்ட சட்டை?

மாப்பிள்ளை: மீன் இல்லை மாமா, சுறா.

மாமனார்: சுறா மட்டும் என்ன, கத்தரிக்காய் வகையா?

மாப்பிள்ளை: இது கிரெக் நார்மன் முத்திரை மாமா. கோல்ஃப் ஆட்டக்காரர். இதே குவீன்ஸ்லாந்துதான், மவுன்ட் ஐசாவில் 1955-இல் பிறந்தவர். 1981-இல் முதல்முறையாக அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போனபோது, பொன்னிற முடியையும் முரட்டு ஆட்டத்தையும் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் 'பெரிய வெள்ளைச் சுறா' என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் அவரே அந்தச் சுறாவைச் சட்டையிலும் தொப்பியிலும் போட்டு விற்க ஆரம்பித்துவிட்டார்.

மாமனார்: பெயர் வைத்தவனுக்குப் பங்கு கொடுத்தாரா?

மாப்பிள்ளை: நீங்கள் வேறு, மாமா.

மாமனார்: சரி, அப்படி என்ன சாதித்துவிட்டார்?

மாப்பிள்ளை: உலகத் தரவரிசையில் 331 வாரம் முதலிடம்!

மாமனார்: (கண்ணை மூடி மனக்கணக்குப் போட்டு) ஆறு வருடத்துக்கு மேலேயே வருகிறது. பலே. பெரிய கோப்பைகள் எத்தனை?

மாப்பிள்ளை: மேஜர் என்று வருடத்துக்கு நாலு போட்டி உண்டு. மாஸ்டர்ஸ், யு.எஸ். ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன், பிஜிஏ. அதில் வந்து... இரண்டு.

மாமனார்: வருடத்துக்கு இரண்டா?

மாப்பிள்ளை: மொத்தமே இரண்டு. இரண்டும் பிரிட்டிஷ் ஓப்பன்.

மாமனார்: ஆறு வருடம் முதலிடம், கோப்பை இரண்டு. கணக்கு டாலி ஆகவில்லையே மாப்பிள்ளை. மீதி வவுச்சர் எங்கே?

மாப்பிள்ளை: மேஜரில் இரண்டாம் இடம் எட்டு முறை.

மாமனார்: (காபி டம்ளரைக் கீழே வைக்கிறார். இனி அது ஆறினாலும் கவலையில்லை.) எட்டா? முதலிலிருந்து சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: கடலலையில் சறுக்கிக்கொண்டு திரிந்த பையன் மாமா. அவன் அம்மா நன்றாக கோல்ஃப் ஆடுவார். பதினைந்து, பதினாறு வயதில் அம்மாவுக்குப் பை தூக்கப் போனான். ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் அம்மாவின் மட்டையையே வாங்கி அடித்துப் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஜாக் நிக்கலஸ் எழுதிய புத்தகங்களைப் படித்துப் படித்தே இரண்டு வருடத்துக்குள் கைதேர்ந்த ஆட்டக்காரனாகிவிட்டான். அப்புறம் இங்கே ராயல் குவீன்ஸ்லாந்து கிளப்பில் சார்லி ஏர்ப் என்பவரிடம் பயிற்சி.

மாமனார்: நேரில் பார்க்காமலே குருவாக வரித்துக்கொண்டாரா? ஏகலைவன் என்று சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: அப்படியே ஏகலைவன்தான். 1986 மாஸ்டர்ஸ். கடைசி நாளில் 14-ஆவது குழியிலிருந்து 17-ஆவது வரை நாலு பேர்டி (குறித்த எண்ணிக்கையைவிட ஒரு அடி குறைவாகப் பந்தைக் குழிக்குள் போடுவது) தொடர்ச்சியாக அடித்து நிக்கலஸைச் சமன் செய்துவிட்டார். நிக்கலஸ் அப்போதே ஆட்டத்தை முடித்துவிட்டு உள்ளே காத்திருக்கிறார், வயது 46. கடைசிக் குழியில் பிழையில்லாமல் ஆடினால் பிளே-ஆஃப், அதாவது சமநிலையை முறிக்கிற கூடுதல் ஆட்டம். இவர் அடித்த பந்து நேராகப் பார்வையாளர் கூட்டத்துக்குள் போய்விட்டது. நிக்கலஸ் ஜெயித்துவிட்டார்.

மாமனார்: துரோணர் கட்டைவிரலோடு விட்டார். இவர் கோப்பையையே கேட்டுவிட்டாரே!

மாப்பிள்ளை: அங்கே கோப்பையைவிட, ஜெயித்தவருக்குப் போடுகிற பச்சைக் கோட்டுதான் பெரிசு மாமா.

மாமனார்: எதுவோ ஒன்று. கடைசி அடியை எப்படி அடிப்பது என்ற பாடத்தை மட்டும் அந்த மனிதர் புத்தகத்தில் எழுதாமல் விட்டிருக்கிறார். நானாக இருந்தால் புத்தகத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பேன்.

மாப்பிள்ளை: அதற்கு முன்பே ஒன்று இருக்கிறது. 1984 யு.எஸ். ஓப்பன். கடைசிக் குழியில் ரொம்ப தூரத்திலிருந்து பந்தைத் தட்டி உள்ளே போட்டார் நார்மன். பின்னால் வந்துகொண்டிருந்த ஃபஸ்ஸி ஜோலர் அதை பேர்டி என்று நினைத்து, தோற்றேன் என்பதுபோல வெள்ளைத் துண்டை எடுத்து ஆட்டினார். உண்மையில் அது பார்தான், குறித்த எண்ணிக்கையிலேயே முடித்தது. இருவரும் சமம். மறுநாள் 18 குழி பிளே-ஆஃப். ஜோலர் 67 அடி, நார்மன் 75. அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி.

மாமனார்: துண்டை ஆட்டினவர் ஜெயித்துவிட்டாரா?

மாப்பிள்ளை: ஆமாம். திங்கட்கிழமை நார்மன் தன் பங்குக்கு ஒரு வெள்ளைத் துண்டை ஆட்டினார்.

மாமனார்: நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு எங்கே காலம்! மேலே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை: 1986-க்கே திரும்ப வருவோம். அந்த வருடம் நாலு மேஜரிலும் மூன்றாம் நாள் முடிவில் முதலிடத்தில் இருந்தது இவர்தான். நாலிலும்!

மாமனார்: கோல்ஃப் எத்தனை நாள் ஆட்டம்?

மாப்பிள்ளை: நாலு நாள்.

மாமனார்: மூன்றே நாள் ஆட்டம் என்று வைத்திருந்தால் இந்தச் சட்டை இன்னும் நாலு மடங்கு விலை போயிருக்கும்.

மாப்பிள்ளை: அந்த நாலில் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பன் ஒன்றுதான் கைக்கு வந்தது. அதை ஐந்து அடி வித்தியாசத்தில் அடித்து நொறுக்கினார். ஆனால் ஆகஸ்டில் பிஜிஏ, ஒஹாயோவில் இன்வர்னஸ் மைதானம். கடைசிக் குழிக்கு வரும்போது இவரும் பாப் ட்வேயும் சமம். ட்வேயின் பந்து மணல் குழியில் விழுந்துவிட்டது.

மாமனார்: மணலில் விழுந்தால் நல்லதா, கெட்டதா?

மாப்பிள்ளை: கெட்டது. தோண்டி எடுக்கிற மாதிரி அடிக்க வேண்டும். குழியைச் சுற்றி இருக்கிற புல்தரையை, பச்சை என்பார்கள், அதில் பக்கத்தில் வந்து விழுந்தாலே பெரிய காரியம்.

மாமனார்: அப்பாடா. ஜெயித்துவிட்டார்.

மாப்பிள்ளை: மணலிலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் போய்விட்டது. ட்வே அங்கேயே மணலில் குதி குதி என்று குதிக்கிறார்.

மாமனார்: (நெற்றியில் கை) இதெல்லாம் நடக்குமா?

மாப்பிள்ளை: அடுத்த மேஜரிலேயே நடந்தது. 1987 மாஸ்டர்ஸ் பிளே-ஆஃப். எதிரே லாரி மைஸ். மாஸ்டர்ஸ் நடக்கிற அதே அகஸ்டா ஊர்ப் பையன், சின்ன வயதில் அந்த மைதானத்தில் ஸ்கோர் போர்டு மாற்றிக்கொண்டிருந்தவர். 11-ஆவது குழியில் பச்சைக்கு வலப்பக்கம் எங்கேயோ கிடக்கிறது அவர் பந்து. குழிக்கு 140 அடி. நார்மனின் பந்தோ பச்சையை எட்டிவிட்டது. மைஸ் தரையோடு ஒரு சிப் அடித்தார், பந்து உருண்டு, உருண்டு...

மாமனார்: சொல்லாதீர்கள்.

மாப்பிள்ளை: உள்ளே போய்விட்டது.

மாமனார்: சொல்லாதீர்கள் என்றேனே! 140 அடியா? எங்கள் தெருவில் நாலு வீட்டைத் தாண்டுமே! அந்தக் குழிக்குள் யாராவது உட்கார்ந்துகொண்டு பந்தைப் பிடித்தார்களா?

மாப்பிள்ளை: 1990-இல் ஒரே சீசனில் இதே மாதிரி இரண்டு, மேஜர் அல்லாத போட்டிகளில். பே ஹில்லில் ராபர்ட் கமேஸ் என்ற புதுமுகம், 176 கஜத்திலிருந்து அடித்த அடி நேரே குழிக்குள். ஒரு அடியில் இவர் தோல்வி. சில வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் டேவிட் ஃப்ராஸ்ட், கடைசிக் குழியில் மணலிலிருந்து...

மாமனார்: மறுபடியும் மணலா! மாப்பிள்ளை, இது விளையாட்டில்லை, ஜாதகம். மனிதருக்கு என்ன நட்சத்திரம்?

மாப்பிள்ளை: பிப்ரவரி 10 என்பதுதான் தெரியும்.

மாமனார்: ஏழரைச் சனி. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை: 1984-இல் ஆரம்பித்து 1996 வரை போகிறது மாமா. பன்னிரண்டு வருடம்.

மாமனார்: அப்படியென்றால் சனி பகவானும் கோல்ஃப் பார்க்க உட்கார்ந்து, எழுந்து போக மனசு வரவில்லை.

மாப்பிள்ளை: 1989-இல் பிரிட்டிஷ் ஓப்பன், ராயல் ட்ரூன் மைதானம். கடைசி நாள் முதல் ஆறு குழியிலும் பேர்டி! 64 அடித்து பிளே-ஆஃப் வரை வந்தார். அதில் கடைசிக் குழியில் ஓங்கி ஒரு அடி. அவ்வளவு தூரம் போகாது என்று நினைத்த மணல் குழிக்கே பந்து போய்விட்டது. அங்கிருந்து இன்னொரு மணல். அங்கிருந்து எல்லைக்கு வெளியே.

மாமனார்: மற்றவர்கள் மணலிலிருந்து குழிக்குப் போகிறார்கள், இவர் மணலிலிருந்து மணலுக்குப் போகிறார்.

மாப்பிள்ளை: 1993 பிரிட்டிஷ் ஓப்பன், ராயல் செயின்ட் ஜார்ஜஸில் மட்டும் யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசி நாள் 64. மொத்தம் 267, அன்றைக்கு அந்தப் போட்டியின் சாதனை. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்கள் எல்லோரும் பின்னால் நிற்கிறார்கள்.

மாமனார்: அப்பா, மூச்சு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: அடுத்த மாதமே பிஜிஏ. இன்வர்னஸ்.

மாமனார்: ட்வே குதித்த அதே இன்வர்னஸா? அந்தப் பக்கம் மறுபடியும் எதற்குப் போனார்? கூப்பிட்டாலும் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாமே!

மாப்பிள்ளை: பிளே-ஆஃபில் பால் அசிங்கரிடம் தோற்றார். இத்தோடு நாலு மேஜரிலும் பிளே-ஆஃபில் தோற்றாகிவிட்டது.

மாமனார்: செட் முடிந்தது.

மாப்பிள்ளை: இனிமேல் சொல்லப்போவதில் எதிராளி மேல் குற்றமே இல்லை மாமா. அதுதான் கொடுமை. 1996 மாஸ்டர்ஸ். முதல் நாள் 63, மைதானச் சாதனைக்குச் சமம். சனிக்கிழமை ராத்திரி ஆறு அடி முன்னிலை. ஞாயிற்றுக்கிழமை நிக் ஃபால்டோவோடு ஜோடி. 9-ஆவது குழியில் பந்து பச்சையில் விழுந்து பின்னாலேயே உருண்டு இறங்கிவிட்டது. அப்புறம் சரிவுதான். 12-இல் தண்ணீர். 15-ஆவது குழியில் சிப் அடித்த பந்து குழியோரம் உரசிக்கொண்டு போனதும், மனிதர் அப்படியே புல்லில் விழுந்து புரண்டார். 16-இல் மறுபடியும் தண்ணீர்.

மாமனார்: முடிவு?

மாப்பிள்ளை: ஃபால்டோ 67, இவர் 78. ஆறு அடி முன்னால் இருந்தவர் ஐந்து அடியில் தோற்றார். ஃபால்டோவே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மாமனார்: (சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. தணிக்கை அதிகாரிகள் பேசாமல் இருப்பது அபூர்வம்.) அந்தக் குடும்பம் எப்படிச் சமாளித்தது? கஞ்சிக்கு என்ன செய்தார்கள்?

மாப்பிள்ளை: கஞ்சியா? அதே 1996-இல்தான் கோப்ரா என்ற கோல்ஃப் மட்டை கம்பெனியில் இருந்த பங்கை விற்றார். கிடைத்தது சுமார் 4 கோடி டாலர்.

மாமனார்: (நிமிர்ந்து உட்கார்கிறார்) டாலரா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? அரை மணி நேரமாகக் கண் கலங்கிக்கொண்டிருக்கிறேன்!

மாப்பிள்ளை: பிஜிஏ டூர் என்கிற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் பரிசுப் பணம் 1 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஆளும் அவர்தான். அப்புறம் சட்டை, ஒயின், உலகம் முழுக்க கோல்ஃப் மைதானம் வடிவமைக்கிற தொழில்.

மாமனார்: சனி கொடுத்தால் யார் தடுப்பார்? அப்புறம் ஆடவே இல்லையா?

மாப்பிள்ளை: 2008-இல் பிரிட்டிஷ் ஓப்பன், ராயல் பர்க்டேல். வயது 53. டென்னிஸ் கிறிஸ் எவர்ட்டை அப்போதுதான் கல்யாணம் செய்திருந்தார். மூன்றாம் நாள் முடிவில் முதலிடம்!

மாமனார்: ஐயோ, மறுபடியும் மூன்றாம் நாளா!

மாப்பிள்ளை: கடைசியில் மூன்றாம் இடம், சமநிலையில்.

மாமனார்: அந்த அம்மாவுக்கு எத்தனை பெரிய கோப்பை?

மாப்பிள்ளை: ஒற்றையரில் மட்டும் பதினெட்டு.

மாமனார்: இவருக்கு இரண்டு. ஷோகேஸில் யாருக்கு எந்தத் தட்டு என்று கேட்கவே வேண்டாம்.

மாப்பிள்ளை: 2021-இல் சவுதிப் பணத்தில் எல்ஐவி கோல்ஃப் என்று புது அமைப்பு வந்தது, அதற்குத் தலைமை அதிகாரி ஆனார். பிஜிஏ டூரிலிருந்து பெரிய ஆட்டக்காரர்களைக் கோடி கோடியாகக் கொடுத்து இழுத்தார். அங்கே ஒரே களேபரம்.

மாமனார்: நாள் கணக்கில் எத்தனை நாள் ஆட்டம்?

மாப்பிள்ளை: (தயங்கி) ஆரம்பத்தில்... மூன்று நாள்.

மாமனார்: (தொடையில் தட்டி) அப்படிப் போடு! மனிதர் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்!

மாப்பிள்ளை: மாமா, நாளைக் காலையில் நண்பரோடு ஒரு ஆட்டம் வைத்திருக்கிறேன். பை தூக்க வருகிறீர்களா?

மாமனார்: வருகிறேன். ஒரு நிபந்தனை. உங்கள் நண்பர் பந்து மணலில் விழுந்தால் உடனே சொல்லிவிடுங்கள். நான் காருக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறேன், என்னால் பார்க்க முடியாது.

மாப்பிள்ளை: என் பந்து மணலில் விழுந்தால்?

மாமனார்: அதற்குத்தான் உங்கள் அத்தையிடம் இரண்டு வேளைக்கு டிபன் கட்டச் சொல்லப் போகிறேன்.