400 ரூபாய்க்கு இவ்வளவு சிரிப்பா?

எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சா? அந்த ஸ்கிரீன்ஷாட் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு ஒரு வாட்ஸப் குரூப் விடாம சுத்திட்டு கடைசியா எங்க அம்மா போனுக்கே வந்துருச்சு, அதனால என்ன நடந்துச்சுன்னு சுருக்கமாத்தான் சொல்லப் போறேன்: வெளியூர் போற ஒரு அண்ணன் வீட்டுல, அவங்க திரும்பி வர்ற வரைக்கும் நாயைப் பாத்துக்க எவ்வளவுன்னு கேட்டாங்க, நான் ரேட்டு சொல்லி அனுப்புன மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரே சிரிக்கிற மாதிரி போட்டுட்டாங்க. என் பேரை மறைச்சுட்டுத்தான் போட்டாங்களாம், பெரிய மனசு. மேல டிபில நானும் ஒரு நாயும் நிக்கிற போட்டோவை மட்டும் மறைக்க மறந்துட்டாங்க போல.

அந்த மெசேஜ்ல அப்படி என்னதான் இருந்துச்சு? ஒரு நாளைக்கு 400 ரூபா. காலையும் சாயங்காலமும் வாக்கிங், ரெண்டு வேளை சாப்பாடு, மாத்திரை, கழுவி விடுறது, ராத்திரி ஒரு தடவை வந்து எட்டிப் பாக்குறது, பாதி அட்வான்ஸ். கேட்டது அவங்க, சொன்னது நான். கட்டுப்படலைன்னா "வேணாம்மா"ன்னு ஒரு வார்த்தை, நானும் சரிங்கண்ணேன்னு போயிருப்பேன். அதை விட்டுட்டு ஊரைக் கூட்டி சிரிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?

இத்தனைக்கும் அவங்க போறது அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு, திருக்கடையூருக்கு. வேன், ரூமு, சமையலுக்கு இங்கேருந்தே ஆளு, போட்டோ, அதுக்கு மேல பறந்து படம் புடிக்கிற ட்ரோன் வேற. நல்லா நடக்கட்டும், அந்த ஐயா நல்லாருக்கணும், அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நான் கேக்குறது ஒண்ணுதான், அந்த ட்ரோன்காரர் சொன்ன ரேட்டு ஸ்கிரீன்ஷாட்டா ஏன் வரல? அவரு செய்றது வேலை, நான் செய்றது வெளையாட்டு, அப்படித்தானே?

இது வேலைங்க. வேலைக்கு கூலி கேட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

"நாயைப் புடிச்சுக்கிட்டு நடக்குறதுல என்ன வேலை"ன்னு ஒருத்தர் கமெண்ட் போட்டிருக்காரு. சித்திரை மாசம் காலைல எட்டரை மணிக்கு நம்ம செக்காலை ரோட்டுல செருப்பில்லாம நடந்து பாத்துட்டு அந்தக் கமெண்ட்டை அவரு போட்டிருக்கலாம். தார்ல புறங்கையை வச்சு அஞ்சு செகண்ட் தாங்கலைன்னா நாயை அதுல நடக்க விடக் கூடாது, பாதம் வெந்துரும். நாய்க்கு நம்மள மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கும். மூக்கு சப்பையா இருக்கிற பக் மாதிரி நாய்க்கு அதுவும் சரியா முடியாது, நம்ம ஊரு வெயில்ல கொஞ்சம் அசந்தா உயிருக்கே ஆபத்து. அதனாலதான் விடியுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வண்டியை எடுத்துட்டு ஓடுறேன். வாக்கிங் முடிச்சு நான் திரும்புறப்பதான் இந்த கமெண்ட் போட்ட அண்ணன்மாரெல்லாம் டீக்கடையில உக்காந்து குட்மார்னிங் பூ அனுப்பிக்கிட்டு இருப்பாங்க.

அப்புறம் சாப்பாடு. "மிச்ச மீதியைப் போட்டா தின்னுட்டுப் போகுது." நம்ம வீட்டு மிச்ச மீதி என்ன? சின்ன வெங்காயமும் பூண்டும் அள்ளிப் போட்ட கோழிக் கொழம்பு. வெங்காயம் நாயோட ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை அழிக்கும், பூண்டும் அப்படித்தான். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா ஒடஞ்சு கொடலைக் கிழிக்கும். சாக்லேட்டு, திராட்சை ரெண்டும் ஆகாது. இதையெல்லாம் வீட்டுக்காரங்களுக்கே நான்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், அதுக்குத் தனியா இன்னும் ரேட்டு போடல.

எங்க அப்பா ஆத்தங்குடியில கல்லு போட்டவரு, வீட்டுத் தரையில பதிக்கிற டைல்ஸ் கல்லு. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, அதுக்கு மேல சிமெண்டும் மணலும் போட்டு, காய வச்சு, தண்ணியில ஊறப் போட்டு எடுக்கிற கல்லு. செட்டிநாட்டு வீட்டு முற்றத்துல, வளவுலன்னு சொல்வோமே, அங்க நீங்க கால் மேல கால் போட்டு செல்ஃபி எடுக்கிறீங்களே, அந்தக் கல்லு. அவருகிட்டயும் இப்படித்தான் வந்து நின்னு பேசுவாங்க, "என்னப்பா, மண்ணும் சிமெண்டும்தானே, இதுக்குப் போயி இவ்வளவா?" அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டே கொறைச்சுருவாரு. அதைப் பாத்து வளந்தவ நான். எனக்குத் தலையைச் சொறிய வராது.

அந்தக் கல்லைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன், வயசான லேப்ரடார் நாய்க்கு இடுப்பு மூட்டுல கோளாறு வர வாய்ப்பு ஜாஸ்தி, அந்த எனத்துல அடிக்கடி வர்ற பிரச்சனை அது. மழமழன்னு தேஞ்ச ஆத்தங்குடி கல்லுல பின்னங்கால் வழுக்கி வழுக்கி வலி இன்னும் கூடும். அண்ணன் வீட்டுல இருக்கிறதும் வயசான லேப்தான். அதைக் கேட்ட உடனே "முகப்புலேருந்து பின்கட்டு வரைக்கும் பழைய ஜமக்காளத்தை விரிச்சு விடுங்கண்ணே, நடக்கும்"னு அதே மெசேஜ்ல அடுத்த வரியில எழுதியிருந்தேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தவங்க அந்த வரிக்கு மேலயே வெட்டிட்டாங்க.

"பாசத்துக்கு விலை போடுறியா"ன்னு கேக்குறாங்க. பாசத்தை நான் விக்கல. விடியக்காலைத் தூக்கத்தை, பெட்ரோலை, என் பொறுப்பை விக்கிறேன். பாசம் ஃப்ரீதான். டாக்டரம்மாவுக்கும் நோயாளி மேல பாசம் இருக்கும், ஃபீஸ் வாங்காமலா இருக்காங்க?

"மனுசனுக்கே சோறு இல்லாத நாட்டுல நாய்க்கு இவ்வளவா"ன்னு ஒருத்தர். அவரு புரொஃபைல் போட்டோவே புல்லட் மேல உக்காந்து இருக்கிறதுதான். அடுத்தது.

இது நியாயமான கேள்வி, அதனால நின்னு பதில் சொல்றேன். "ஊரெல்லாம் தெருநாய் கடிச்சுக்கிட்டு இருக்கு, கொழந்தைங்க பள்ளிக்கூடம் போக முடியல, நீ நாய்க்கு வக்காலத்து வாங்குறியா?" அந்தப் பயம் எனக்கும் இருக்குங்க, சொல்லப் போனா உங்கள விட ஜாஸ்தி. ஊருணிக்கரைப் பக்கம் கூட்டமா வந்து சுத்துச்சுன்னா முதல்ல மாட்டுறது நானும் என் கையில இருக்கிற நாயும்தான். ரேபீஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த முடியாது, அதுல பேச்சே இல்ல. கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவுங்க, மஞ்சளு சுண்ணாம்புன்னு எதையும் அப்பாம நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, ஊசி இலவசம், சொன்ன தேதிக்கெல்லாம் போய்ப் போட்டுக்குங்க. இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் முன்கூட்டிப் போடுற ஊசியைப் போட்டுக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா நான் நடத்திக்கிட்டுப் போறது தடுப்பூசி போட்டு, பெல்ட் மாட்டி, சங்கிலி என் கையில இருக்கிற நாய். ஊரு நாய் எல்லாம் இப்படி இருந்தா உங்களுக்கு அந்தப் பயமே இருக்காதே? நாள் பூரா கட்டிப் போட்டு வெறி ஏத்துன நாய்தான் சங்கிலி அவுந்த அன்னைக்குப் பாயும். 1960லயே வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவுல, எப்பவும் கட்டியே வச்சிருக்கிற நாயை நடக்க விடாம போட்டுட்டா சொந்தக்காரர் மேலயே குத்தம்னு இருக்கு. நான் செய்றது வேலையே இல்லைன்னு சொல்றவங்க கொஞ்சம் அதையும் படிங்க.

வேலைக்குக் கணக்கா கூலி குடுக்கிறதை இந்த ஊருக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? அந்தக் காலத்துல செட்டியாருங்க பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடையைப் பாத்துக்க மூணு வருசத்துக்கு ஆள் அனுப்பும்போது சம்பளம் பேசி எழுதிட்டுத்தானே கப்பல் ஏத்துனாங்க. நான் நாயைப் பாத்துக்கிற வீட்டுல ஒரு ஆச்சி இருக்காங்க, பள்ளத்தூர் பக்கம். அந்தப் பெரிய வீட்டுல அவங்களும் ஒரு பக் நாயும் மட்டும்தான். மகன் சிங்கப்பூர்ல. தொணைக்கு இருக்கட்டும்னு பேரன் வாங்கிக் குடுத்துட்டுப் போன நாய், ஆச்சிக்கு முட்டி ஆபரேசன் ஆனதுலேருந்து என் பொறுப்பு. ஒண்ணாந்தேதியானா ஆச்சி காசைக் கையில குடுக்க மாட்டாங்க, வெத்தலைத் தட்டுல வச்சு நீட்டுவாங்க, உடனே நோட்டைத் தொறந்து பால்காரர் வரிக்குக் கீழ என் வரியை எழுதுவாங்க. ஒரு மாசம் நான் "இருக்கட்டும் ஆச்சி, அடுத்த மாசம் சேத்துக் குடுங்க"ன்னேன், ஒரு முறை முறைச்சாங்க பாருங்க. "கணக்கைத் தள்ளிப் போடாதடி"ன்னாங்க. மத்தியானம் ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி என்ட்ரி போடுறவ நான், எனக்கே பாடம்.

அந்த பக் ஒரு நாள் வாசலுக்கு வரல. பெல்ட் சத்தம் கேட்டா குதிக்கிற நாய், படுத்த எடத்துல கண்ணை மட்டும் தூக்கிப் பாத்துச்சு. ஈறைத் தூக்கிப் பாத்தா வெளுத்துக் கெடக்கு, காதுக்கு உள்ள உண்ணி. ஆச்சி "வெயிலுக்கு அப்படித்தான் கெடக்கும்"னாங்க. நான் கேக்கல, ஆட்டோவைப் புடிச்சு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிட்டேன். உண்ணிக் காய்ச்சல், ரத்தத் தட்டு கொறஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்னாரு டாக்டர். 28 நாள் மாத்திரை. மாத்திரையைக் கண்டா வாயை இறுக்கி மூடிக்கிற நாய் அது, இட்லிக்குள்ள ஒளிச்சு ஒளிச்சுக் குடுத்தேன். ராத்திரி சிங்கப்பூர்லேருந்து அந்த மகன் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசவே இல்ல, மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் "அம்மா எப்படி இருக்காங்க"ன்னாரு. நாயைக் கேக்கல. எனக்குப் புரிஞ்சுச்சு. நான் தினம் ரெண்டு வேளை அந்த வீட்டுக் கதவைத் தட்டுறதால ஆச்சியையும் ஒருத்தி ரெண்டு வேளை பாக்குறா. அந்த வரியை எந்த நோட்டுலயும் நான் எழுதச் சொல்லல.

இப்ப சொல்லுங்க, இந்த ஊர்ல எத்தனை வீடு இப்படிப் பூட்டிக் கெடக்கு, எத்தனை வீட்டுல ஒரே ஒரு ஆச்சி, ஒரே ஒரு ஐயா. அம்மா அப்பாவைப் பாக்க வருசத்துக்கு ஒரு தடவை லீவு எடுத்து வந்து நாலு நாள் ரீல்ஸ் போட்டுட்டுப் போறவங்கதான் அந்தப் போஸ்ட்டுக்குக் கீழ ஜாஸ்தி சிரிச்சிருக்காங்க, நான் ஒவ்வொரு பேரா பாத்தேன். பாத்திருக்கக் கூடாதுதான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து பாத்தேன்.

"எம்.காம் படிச்சுட்டு இந்த வேலையா"ன்னு கேட்டவங்களுக்கு: ஆமா, எம்.காம் படிச்சுட்டு இந்த வேலையும்தான். ஆடிட்டர் ஆபீஸ்ல பாதி நேரத்துக்கு வர்ற காசுல வீட்டு வாடகை மட்டும் போகுது. மிச்சத்துக்கு நீங்க அனுப்புவீங்களா?

யாரோ எவரோ சிரிச்சதுக்கு இவ்வளவு எழுத மாட்டேங்க. அந்த எமோஜி வரிசையில எங்க சித்தப்பா பேரும் இருந்துச்சு. தை மாசம் பழனிக்குப் பாதயாத்திரை போனப்ப "நம்ம பொண்ணு இருக்காளே"ன்னு அவரோட சிப்பிப்பாறை நாயைக் கொண்டாந்து எங்க வீட்டு வாசல்ல கட்டிட்டுப் போனவரு. திரும்பி வந்து பஞ்சாமிர்தம் குடுத்தாரு. நல்ல பஞ்சாமிர்தம், குத்தம் சொல்ல முடியாது. சிப்பிப்பாறையை ஓட விடலைன்னா செவுத்தைப் பிறாண்டும், தினமும் பொட்டல்ல என்னை இழுத்துக்கிட்டு ஓடுனது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லல. சொந்தம்னு சொல்லல. இப்ப நாலு சிரிப்பு எமோஜி. ஒண்ணு போட்டா பத்தாதா சித்தப்பா?

தீபாவளி வருது. கவர்மெண்ட் காலைல 6லேருந்து 7, சாயங்காலம் 7லேருந்து 8னு வெடிக்க நேரம் குறிச்சாலும் நம்ம தெருவுல எப்ப வரைக்கும் வெடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். நமக்குக் கேக்காத சத்தம் கூட நாய்க்குக் கேக்கும், வெடிக்குப் பயந்து சங்கிலியை அத்துக்கிட்டு ஓடி வழி தெரியாம போன நாய்ங்க வருசா வருசம் உண்டு. அந்த நாலு நாளைக்கு வெளியூர் போறவங்க இப்பவே சொல்லிருங்க, ரெண்டு வீடுதான் எடுப்பேன். தடுப்பூசி கார்டு வேணும். ஒரு நாளைக்கு 500 ரூபா, பாதி அட்வான்ஸ், ஜிபே இருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறவங்க இதையே எடுத்துக்கங்க, இந்தத் தடவை பேரையும் மறைக்க வேணாம்.

சித்தப்பாவுக்கும் அதே ரேட்டுதான்.