நேரமிருந்தால்

(ஆலயத்தை ஒட்டிய சிறிய அறை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வென்டின் மூன்றாம் வாரம். பாடகர் குழு ஒத்திகை முடிந்து போய்விட்டது. நாற்காலிகள் மட்டும் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டதுபோல ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கின்றன. டேவிட், கிறிஸ்துமஸ் விழாப் பொறுப்பாளர், கையில் நாலாக மடித்த நீளத் தாளோடு வருகிறார். ரூபி அக்கா, ஞாயிறு பள்ளி ஆசிரியை, ஓர் ஆட்டு வேடத்துக்கு வால் தைத்துக்கொண்டிருக்கிறார்.)

டேவிட்: அக்கா, நிகழ்ச்சி நிரல் இறுதியாகிவிட்டது. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரியென்று மட்டும் சொல்லுங்கள்.

ரூபி: போன வாரமும் இறுதி என்றுதானே சொன்னாய்?

டேவிட்: அது தற்காலிக இறுதி. இது நிரந்தர இறுதி.

ரூபி: சரி, வாசி.

டேவிட்: வரவேற்புரை. வரவேற்புப் பாடல். சிறுவர் பாடல், வாலிபர் பாடல், பெரியவர்கள் பாடல், அப்புறம் பாடாதவர்கள் பாடல்.

ரூபி: பாடாதவர்கள் எப்படிப்பா பாடுவார்கள்?

டேவிட்: பாடகர் குழுவில் இடம் கிடைக்காதவர்கள் அக்கா. மனம் நோகக் கூடாது பாருங்கள். அடுத்து வினாடி வினா, பரிசளிப்பு, கிறிஸ்துமஸ் தாத்தா வருகை, தாத்தாவோடு புகைப்படம், நாடகம், நன்றியுரை, விருந்து.

ரூபி: (நூலைப் பல்லால் கடித்தபடி) வேதபாடம்?

டேவிட்: இருக்கிறதே! அந்த மடிப்புக்குள் பாருங்கள்.

ரூபி: (தாளை விரித்து, கண்ணருகே கொண்டுபோய்) "லூக்கா 2. நேரமிருந்தால்."

டேவிட்: நேரம் கட்டாயம் இருக்கும் அக்கா. தாத்தா கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினால் போதும்.

ரூபி: இயேசு பிறந்த கதைக்கே நேரமிருந்தாலா? மரியாளும் யோசேப்பும் போன சத்திரத்திலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள். இடமிருந்தால் பார்க்கலாம் என்று.

டேவிட்: அட, அதுவும் நாடகத்தில் வருகிறது! சத்திரக்காரனுக்குத் தனியாக ஒரு பாட்டே வைத்திருக்கிறோம்.

ரூபி: லூக்காவில் சத்திரக்காரன் என்று ஒருவனே கிடையாது. சத்திரத்தில் இடமில்லை, அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. இல்லாத ஆளுக்குப் பாட்டு, இருக்கிற அதிகாரத்துக்கு "நேரமிருந்தால்".

டேவிட்: அந்தப் பையனின் அப்பாதான் ஒலிபெருக்கி தருகிறார், அக்கா.

ரூபி: யோசேப்பு யார்?

டேவிட்: அங்கேதான் தலைவலி. பையன்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். யோசேப்புக்கு வசனமே இல்லையாம். இப்போதிருக்கிற பையனும் நேற்று அழுதுவிட்டான்.

ரூபி: வேதாகமத்திலும் யோசேப்பு ஒரு வார்த்தை பேசுவதில்லையே. நாலு சுவிசேஷத்தையும் சலித்துப் பார். கனவில் சொன்னதும் எழுந்திருப்பார், செய்வார். வாயே திறக்கமாட்டார்.

டேவிட்: அதை நீங்களே அவன் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நட்சத்திரம் பார்த்துக் குழந்தையைத் தேடி வந்த சாஸ்திரிகளாக மூன்று பேரைப் போட்டாயிற்று. அதிலும் சண்டை.

ரூபி: மூன்று என்று மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் எழுதவில்லை.

டேவிட்: (துள்ளி எழுந்து) அக்கா! அப்படியானால் வேடம் கிடைக்காத பிள்ளைகள் எல்லோரையும் சாஸ்திரிகளாக்கிவிடலாமே!

ரூபி: அதற்காகவா சொன்னேன்? உட்கார். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்கிற சிற்றூரில் அசிசியின் பிரான்சிஸ் என்ற துறவி கிறிஸ்துமஸ் இரவு என்ன ஏற்பாடு செய்தார் தெரியுமா? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. ஊர் ஜனங்கள் விளக்கும் பந்தமுமாக வந்தார்கள். அவர் நற்செய்தியைப் பாடினார், பிரசங்கித்தார். முடிந்தது.

டேவிட்: கழுதைக்கு வசனம்?

ரூபி: கிடையாது.

டேவிட்: கழுதையின் அம்மா ஒன்றும் சொல்லவில்லையா?

(ரூபி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறார். டேவிட் சிரிக்கவில்லை.)

டேவிட்: உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தையே தடை செய்தது என்று போன வருடம் வகுப்பில் சொன்னீர்களே? அந்தக் காலத்தில் விழாப் பொறுப்பாளராக இருந்திருக்கலாம் போலிருக்கிறது. நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ரூபி: ரொம்ப அலைச்சலா?

டேவிட்: உண்மையைச் சொல்லட்டுமா? இந்த மாதம் முழுவதும் அவர் பிறந்தநாளுக்காகத்தான் ஓடுகிறேன். அவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசவில்லை. இப்போது நீங்கள், இயேசு வீட்டுக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்க உட்காராமல் வேலையிலேயே அலைந்த மார்த்தாள் கதையை எடுப்பீர்கள், தெரியும்.

ரூபி: எடுக்கமாட்டேன். ஆட்டு வால் தைக்கிற நான் எந்த வாயால் மார்த்தாளைக் குறை சொல்வது? மேய்ப்பர்களைச் சொல்கிறேன். அவர்கள் மட்டும் சும்மாவா இருந்தார்கள்? ராத்திரிக் காவல் வேலை. வேலை முடிந்து ஓய்வாக வாருங்கள் என்று தூதன் சொல்லவில்லை. அந்த நேரத்திலேயே கிளம்பிப் போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுபடியும் திரும்பிப் போனார்கள்.

டேவிட்: அதுவரைக்கும் ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்களாம்?

ரூபி: அதை லூக்கா எழுதவில்லை.

டேவிட்: யாராவது ஒருவன் நின்றிருப்பான் அக்கா. "நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று. அவன் பெயரும் டேவிட்டாகத்தான் இருக்கும்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. ரூபி வாலை இழுத்துப் பார்க்கிறார். கையோடு வந்துவிடுகிறது.)

ரூபி: அந்தத் தாளைக் கொடு. வேதபாடத்தை முதலில் போடலாமா?

டேவிட்: முதலில் போட்டால் கேட்க ஆளிருக்காது. பாதிப் பேர் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் போட்டால் விருந்து வாசனை வந்துவிடும்.

ரூபி: அப்படியென்றால் நடுவில். நாடகமே வேதபாடமாக இருக்கட்டும். எழுதிவைத்த வசனமெல்லாம் வேண்டாம். லூக்கா 2, முதல் இருபது வசனங்களை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து நிற்கட்டும். சாஸ்திரிகளுக்கு மட்டும் மத்தேயுவிலிருந்து கொஞ்சம்.

டேவிட்: சத்திரக்காரன் பாட்டு?

ரூபி: சிறுவர் பாடலில் சேர்த்துவிடு. ஒலிபெருக்கி தப்பிக்கும்.

டேவிட்: வாசிப்பது யார்?

ரூபி: யோசேப்பு.

டேவிட்: (யோசித்து, மெல்ல முகம் மலர்ந்து) முழுவதையுமா?

ரூபி: முழுவதையும். அழுத பையன்தானே, மனப்பாடமே செய்துவிடுவான். அப்புறம் இன்னொன்று. அந்த நேரத்தில் நீ மேடைக்குப் பின்னால் நிற்கக் கூடாது. முன்வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

டேவிட்: விளக்குகளை யார் பார்த்துக்கொள்வது?

ரூபி: ஒன்றிரண்டு அணைந்தால் அணையட்டும்.

டேவிட்: நட்சத்திரம்?

ரூபி: டேவிட்.

டேவிட்: சரி சரி, உட்காருகிறேன். (தாளில் "நேரமிருந்தால்" என்பதை அடிக்கிறார். அடித்த கையோடு தொலைபேசியில் யோசேப்பின் அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறார். குழுவுக்கே போய்விட்டதோ என்னவோ, அடுத்த நொடி அழைப்பு வருகிறது.) ஆமாம்மா... ஆமாம், வசனம் உண்டு... இல்லைம்மா, யோசேப்புக்கு மட்டும்தான்... ஒரு நிமிடம். (வாயைப் பொத்திக்கொண்டு) அக்கா, நீங்கள் வால் தைக்கிறீர்களே, அந்த ஆட்டின் அம்மா. லூக்கா 2இல் ஆட்டுக்கும் ஏதாவது பார்த்துச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

ரூபி: எட்டாம் வசனத்தில் மந்தை வருகிறது. அங்கே ஒரு தடவை கத்தட்டும். ஒரே ஒரு தடவை.